சாம்பலாகாத பரிசு

ஷமீரான் கத்தரிக்கோல் விளிம்பில் தங்க நிற ரிப்பனை வைத்து இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு பரிசும் ஒரு பெட்டியில். அந்தப் பெட்டி தெர்மாகோல் மெத்தையோடு இன்னொரு பெட்டியில். அதன்மேல் மினுமினுக்கும் தாள். அதற்கும் மேலே கண்ணாடித் தாள்.

"உள்ள என்னதான் இருக்கு?" என்றார் கணவர் ஹுர்மிஸ்.

"வாசனை மெழுகுவர்த்தி."

"ஒரு மெழுகுவர்த்திக்கா இத்தனை சட்டை? இந்தக் குளிர்ல எனக்கே ரெண்டுதான் இருக்கு."

"சும்மா இருங்க. இன்னிக்கு வர்றது யாருன்னு தெரியுமில்ல?"

அவருக்குத் தெரியாமல் என்ன? மகள் நஹ்ரீனைத் தன் மகன் பெஹ்னாமுக்குக் கேட்கலாமா என்று பார்க்கத்தான் பஹீஜா இன்று மாலை, முற்றத்தில் முள்ளைக் குவித்து மூட்டும் கிறிஸ்துமஸ் நெருப்புக்கு வருகிறாள். போன வருஷம் வந்த சம்பந்தம் ஒரே சொல்லில் அறுந்து போயிருந்தது. 'போருக்குப் பயந்து கரகோஷ் ஊர்லேர்ந்து ஒரு மூட்டையோட ஓடிவந்தவங்கதானே!' அந்தச் சொல் ஷமீரானின் தொண்டையில் முள்ளாக இன்னும் நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மினுமினுத் தாளால் மூடிவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

பொழுது சாய, பஹீஜா மகனோடு வந்தாள். அவளுக்கு இதே அன்காவா ஊரில் இரண்டு மாடி வீடு, கடைத்தெருவில் துணிக்கடை. ஆனால் கையில் இருந்ததோ கட்டம்போட்ட பழைய மேசைத்துணியில் முடிந்த ஒரு செம்புத் தட்டு. உள்ளே பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட கிலேச்சாப் பலகாரம், இன்னும் சூடாக.

ஷமீரானின் முகம் சுண்டிப்போனது. 'நமக்கு இந்தக் கந்தல் போதும்னு நினைச்சிட்டா!' தட்டை வாங்கி அடுப்படியில் தள்ளிவிட்டு, தன் பரிசுகளை முற்றத்துக்கு எடுத்துவந்தாள்.

பிரித்தார்கள், பிரித்தார்கள், பிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"அத்தை, இதுக்குள்ள பரிசு உண்டா, இல்ல வெறும் பெட்டிதானா?" என்று பெஹ்னாம் சிரித்தான். கடைசியில் உள்ளங்கையளவு மெழுகுவர்த்திகள் வெளியே வந்தன. முற்றமோ குப்பை மேடாகிவிட்டது. தெர்மாகோல் உருண்டைகள் காற்றில் பறந்து பஹீஜாவின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டன.

விருந்தாளிகளைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஷமீரான் மகளை இழுத்தாள். "எல்லாத்தையும் வாரி அந்த முள்ளுக்கு அடியில போடு, சீக்கிரம்!"

"அம்மா, கிறிஸ்துமஸ் நெருப்புக்கு முள்ளு மட்டும்தான்மா."

"நெருப்புக்கு என்னடி தெரியும்? கொடுத்ததைத் தின்னும். போடு!"

எல்லோரும் மெழுகுவர்த்தியோடு முற்றத்தில் கூடினார்கள். நஹ்ரீன் பாலன் பிறந்த கதையை வாசிக்கத் தொடங்க, ஹுர்மிஸ் முள்ளுக்குத் தீ வைத்தார். முள் படபடவென்று பற்றியது. மேய்ப்பர்கள் வயலில் இருந்த இடம் வரைக்கும்தான் வாசிக்க முடிந்தது. குபுகுபுவென்று எழுந்த கரும்புகை முற்றத்தை மூடியது. நஹ்ரீனுக்கு இருமல். பஹீஜா சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஹுர்மிஸ் மாமா, டயரா எரிக்கிறீங்க? எங்க குடில்ல இருக்கிற பாலனுக்கு மூச்சு முட்டுதே!"

தீ தணிந்தபோது முள் சாம்பலாகியிருந்தது. நடுவிலோ, ஆட்டுத் தலையளவு கறுப்புக் கட்டி ஒன்று கொப்புளித்துக்கொண்டு கிடந்தது. முள் முழுக்கச் சாம்பலானால் அந்த வீட்டுக்கு நல்ல வருஷம். அந்தச் சாம்பலை மூன்று முறை தாண்டி வேண்டிக்கொள்வது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். இதை எப்படித் தாண்டுவது?

"முள்ளு ஈரம் போலிருக்கு…" என்று ஷமீரான் இழுத்தாள்.

நஹ்ரீன் தாயைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஷமீரானுக்கு உடம்பே கூசியது. மகளின் நல்ல நாளைத் தன் கையாலேயே புகைய வைத்துவிட்டு, பழியை முள் மேல் போடுகிறாளே!

"இல்ல, பொய் சொல்றேன்," என்றாள். "முள்ளு மேல தப்பில்ல. அந்தத் தாளையும் பெட்டியையும் நான்தான் அடியில ஒளிச்சு வச்சேன். முற்றம் பளிச்சுன்னு இருக்கணும், எங்களை நீங்க மூட்டையோட வந்தவங்கன்னு நினைக்கக் கூடாதுன்னு. எம்பொண்ணு வேண்டாம்னுதான் சொன்னா."

பஹீஜா சால்வையை இறக்கினாள். "மூணு தடவையும் ஒரே வேண்டுதல் வச்சிருந்தேன். இப்ப நான் எங்க தாண்டுறது, சொல்லுங்க."

கோபமா, கேலியா என்று தெரியவில்லை. ஷமீரான் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. புதுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். கட்டியைப் பெயர்த்து இரும்பு வாளியில் போட்டாள். அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினாள். "ஏங்க, ரொட்டி அடுப்புக்கு வச்ச முள்ளு எல்லாத்தையும் கொண்டுவாங்க!"

"நாளைக்கு ரொட்டி?"

"பட்டினி கிடப்போம். கொண்டுவாங்க!"

இரண்டாவது நெருப்பு சின்னது. ஆனால் சுத்தமாக எரிந்தது. நஹ்ரீன் முதலிலிருந்து வாசித்து, இந்த முறை கடைசி வரி வரைக்கும் வந்தாள். சாம்பல் மாவு போல வெளுத்துக் கிடந்தது. முதலில் பஹீஜாதான் தாண்டினாள். தடித்த உடம்போடு ஒருமுறை, இருமுறை, மூன்றாவதில் தள்ளாடி ஷமீரானின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிங்க சம்பந்தி, விழுந்துடப்போறேன்!"

சம்பந்தி! ஷமீரானுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புகை என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை. புகைதான் அடங்கிவிட்டதே!

அவர்கள் விடைபெறும்போது ஷமீரான் செம்புத் தட்டைக் கழுவித் துடைத்து, உலர்ந்த அத்திப்பழமும் வாதுமையும் நிரப்பி, அதே கட்டம்போட்ட துணியில் முடிந்து கொடுத்தாள். "தட்டு வெறுமையா திரும்பக் கூடாது," என்றாள்.

"கூடாதுதான். இன்னும் ரெண்டு நாள்ல வேற எதையாவது நிரப்பிட்டு வந்து நிப்பேன்," என்றாள் பஹீஜா.

மறுநாள் கோயில் முடிந்து திரும்பிய தெருக்காரர்கள், ஷமீரானின் மதிலில் கறுப்புக் கட்டி ஒன்று எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்திருப்பதைக் கண்டு நின்றார்கள்.

"என்ன ஷமீரான் இது?"

"நான் கொடுத்த பரிசு," என்றாள் அவள், தலை நிமிர்ந்து. "நல்லா பாத்துக்கங்க. ஒரு பரிசுன்னா தின்னா வயித்துக்குப் போகணும், வச்சிருந்தா நாளைக்கும் உதவணும், இல்ல பஹீஜாவோட செம்புத் தட்டு மாதிரி கொடுத்தவ வீட்டுக்கே திரும்பிப் போகணும். இதுல எதுவுமே ஆகலன்னா அது பரிசு இல்ல. நாம பெருமைக்கு வாங்கி, அடுத்தவங்க முற்றத்துல கொட்டுற குப்பை!"