நான்காவது பூ

சதுக்கத்து மூலையில் பூ விற்கும் கலீனா அக்கா, எங்களைக் கண்டதும் வாளியிலிருந்து சிவப்புக் கார்னேஷன்களை உருவினாள்.

"ஒத்தையா, ரெட்டையா? சீக்கிரம் சொல்லு பொண்ணு, கை விறைக்குது."

உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, இறந்தவர்களுக்கு இரட்டைப்படை. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நான் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் விலை கேட்கவே கூசுகிறவள் நான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"இதுக்கு நாக்கு இருக்கா இல்லையா?" என்று கலீனா அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

சதுக்கத்தில் வழக்கமாகப் புறாக்கள் மட்டும்தான் இருக்கும். நடுவில் வாள் உயர்த்திய வெண்கலக் குதிரைவீரன். அவனுக்குப் பின்னால் நீளக் கோட்டுப் போட்ட மூன்று வெண்கலச் சிப்பாய்கள். பெயர்தான் அணையா விளக்கு; விழா நாட்களில் மட்டும் எரியும். இன்று எரிந்தது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து டிவி கேமரா வந்திருந்தது. சிப்பாய்களின் காலடியில் வெள்ளைத் துணி போர்த்திய புதுக் கல். துணிக்கு அடியில் என் அண்ணன் எர்மெக்கின் பெயர்.

எர்மெக் எல்லைக் காவல் படையில் இருந்தான். ஜனவரியில் கணவாய்க்கு ரோந்து போனபோது பனிச்சரிவு. கூடப் போன இருவரின் உடல்கள் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை. பனி உருகியதும் தேடுகிறோம் என்றார்கள். ஏப்ரலில் அவனுடைய மேலதிகாரி மேஜர் ஓமுரோவ் வீட்டுக்கு வந்து டீ குடித்தார். இனித் தேடுதல் இல்லை, கல்லில் பெயர் உண்டு என்றார். தாய் கையால் பூ வைத்துவிட்டால் எல்லாம் முறைப்படி முடிந்துவிடுமாம்.

நான் உயிர்வேதியியல் படித்தவள். பனிக்கு அடியில் ஒரு ஆளுக்கு எவ்வளவு காற்று மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னதில்லை. அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் இறந்தவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று தெருவெல்லாம் எண்ணெயில் ரொட்டி பொரிக்கும் வாசம் எழும்போது, எங்கள் வீட்டில் மட்டும் வாணலி அடுப்பேறாது.

"புதைக்க எம்புள்ளையக் கொண்டாரட்டும். அப்புறம் பொரிக்கிறேன்" என்பாள்.

இன்று அவள் கிளம்பியது பூ வைக்க அல்ல. என் பிள்ளை எங்கே என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட.

மேஜர் அம்மாவின் கையில் கறுப்பு ரிப்பன் கட்டிய பூங்கொத்தைக் கொடுத்தார். நான்கு கார்னேஷன்கள்.

"ஒண்ணும் பேச வேணாம் அக்கா. வெச்சிட்டுத் தலை குனிஞ்சு நில்லுங்க. போதும்."

குதிரைவீரன் பக்கம் ஒரு கல்யாண கோஷ்டி காத்திருந்தது. பதிவு முடிந்த ஜோடிகள் இங்கே பூ வைத்துவிட்டுத்தான் விருந்துக்குப் போவார்கள். "இன்னும் எவ்வளவு நேரம்டா? பசி உயிர் போகுது" என்று மாப்பிள்ளைத் தோழன் முனகியது சதுக்கம் முழுக்கக் கேட்டது. மணப்பெண் அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

அம்மா மைக் முன்னால் நின்றாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"வைங்க அக்கா" என்றார் மேஜர்.

அவள் கை தாழ்ந்தது. அந்த நான்கும் கல்லைத் தொட்டுவிட்டால் அப்புறம் கணவாய்க்கு யாரும் போகமாட்டார்கள். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். பூங்கொத்திலிருந்து ஒன்றை உருவினேன். ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது.

"என்ன பண்றே?" மேஜர் பல்லைக் கடித்தார்.

"இப்ப மூணு."

பக்கத்தில் மைக் இருந்ததை மறந்துவிட்டேன். என் குரல் எதிர்க்கட்டடத்தில் பட்டுத் திரும்பி வந்தது. புறாக்கள் எழும்பின.

"அண்ணனுக்கு மரியாதை செய்யற நேரம், பாப்பா. விளையாடாதே."

"வெண்கலத்துல ஏற்கெனவே மூணு பேர் நிக்கிறாங்க சார். எங்களுக்கு எங்க ஆள் வேணும். அவன் இன்னும் உங்க ரோந்துலதான் இருக்கான். அனுப்பினது நீங்க. நீங்கதான் கூட்டிட்டு வரணும்." உருவிய பூவை அவர் கையில் திணித்தேன். "இது நாலாவது. அவனை வீட்டுல கொண்டுவந்து சேர்க்கிற அன்னிக்கு நீங்களே வைங்க."

யாருடைய கைக்குழந்தையையோ வாங்கிவிட்டவர்போல அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேமரா அவர் பக்கம் திரும்பியது.

"ஜூன்ல பார்ப்போம்" என்றார் தணிந்த குரலில்.

"மைக்குல சொல்லுங்க."

"சொல்லுங்க அண்ணே!" மணப்பெண் அங்கிருந்து குரல் கொடுத்தாள். "நாங்களும் கேட்டுக்கறோம்!"

மேஜர் தொப்பியைச் சரிசெய்தார். "பனி உருகினதும், ஜூன் மாசம், கணவாயில தேடுதல் நடக்கும்."

"நானும் வருவேன்" என்றாள் அம்மா. குரல் இப்போதுதான் கிடைத்தது.

துணியை யாரும் விலக்கவில்லை. அம்மா மூன்று பூவையும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மூலையில் கலீனா அக்கா கோட்டுக்குள் எட்டிப் பார்த்து எண்ணினாள். "கார்னேஷன் கெட்டியான ஜாதிதான். ஆனா ஜூன் வரைக்கும் தாங்காது."

"வாடினா மறுபடி வர்றேன் அக்கா" என்றேன். "ஒத்தையா குடுங்க."