பீரோவுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர்

அன்று அந்தப் படுக்கையறையில் நாங்கள் நான்கு பேர். கட்டிலின் சன்னலோர மூலையில் நோலீன், வீட்டுக்காரி. கண்ணாடி மேசையின் முக்காலியில் அவள் நாத்தனார் பெரில். கதவருகே தரையில் நோலீனின் மகன் கிரெய்க். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளிமேல் நான். எல்லோர் கையிலும் டீ. எல்லோர் கண்ணும் பீரோ நின்றிருந்த சுவரில்.

பீரோவைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போக வந்திருந்தான் கிரெய்க். ஒரு கை பிடிக்க வரச் சொல்லி நோலீன் போன் செய்தபோதே சாக்குத் தேடினேன். மூன்று வீடு தள்ளி இருப்பவன், என்ன சாக்குச் சொல்ல முடியும்? போனேன். நகர்த்தினோம்.

சுவரடியில் தரையை ஒட்டி அடித்த புது வெள்ளைப் பலகை இரண்டு பக்கமிருந்தும் ஒழுங்காக ஓடி வந்து, பீரோவின் விளிம்பு இருந்த இடங்களில் நறுக்கென்று நின்றது. நடுவில் ஒன்றரை மீட்டர் மொட்டைச் சுவர். பழைய பலகையைப் பெயர்த்த வடு, காய்ந்த பசை, துருப்பிடித்த ஓர் ஆணி.

மூன்று வருடம் முன்பு இந்த அறையைப் புதுப்பித்தது நானும் என் தச்சுவேலைக் கூட்டாளி மெர்வும். பிறகு என் முழங்கால் போனது. மெர்வ் தனியாக வேலை பார்க்கிறான்.

"இது மெர்வோட கைவரிசைதான்," என்றாள் பெரில். "சனிக்கிழமை ரக்பின்னா வெள்ளிக்கிழமையே அவனுக்குக் கை ஓடாது."

கிரெய்க் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். "உங்களுக்கே தெரியாம பீரோவைத் தள்ளி மறைச்சிருக்கான் பாருங்க, லெஸ்."

நான் பிஸ்கெட்டை டீயில் நனைத்தேன்.

நோலீன் எங்கள் ஊர் மண்டபக் கமிட்டியின் தலைவி. நான் பதினோரு வருடமாகச் செயலாளர். மண்டபத்தின் உள்வேலை முழுவதையும் மெர்வுக்குக் கொடுப்பதாக இருந்தோம். அது கிடைக்காவிட்டால் எங்கள் ஊரான வின்ட்டனை விட்டு டனீடின் நகரத்தில் மகள் வீட்டோடு போய்விட வேண்டியதுதான் என்று அவன் என்னிடம் சொல்லியிருந்தான்.

"வேற ஆளைப் பாத்துக்கறோம்னு அவனுக்கு ஒரு கடுதாசி போட்டுடு, லெஸ்," என்றாள் நோலீன். "நீ எழுதினா பதமா எழுதுவ."

சரி என்றேன். அந்தச் சரியை நானேதான் சொன்னேன்.

மூன்று வருடம் முன்பு நடந்தது இது. அறையை அளந்தவன் நான். சாமான்களை நகர்த்தாமல் அவற்றைச் சுற்றி நாடாவைப் பிடித்தேன். பீரோ மறைத்த நீளத்தை நோட்டில் சேர்க்கவே இல்லை. பலகை போதாமல் போனபோதுதான் தெரிந்தது. மெர்வ் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். "ஒரு மணி நேரத்துல வாங்கிட்டு வந்துடறேன்," என்றான். வேண்டாமென்றேன். அளவில் நான் தவறியது நோலீனுக்குத் தெரிந்துவிடும். பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். பின்னால் பலகை இல்லாததால் அது சுவரோடு அப்படியே ஒட்டி நின்றது. இவ்வளவு கச்சிதமாக அது நின்றதே இல்லை என்று நோலீன் மெச்சினாள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். மெர்வ் வாசலில் வைத்து, "அவகிட்ட நீயே சொல்லிடு," என்றான். சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவன் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று நம்பியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கமிட்டித் தாளை எடுத்தேன். தேதி, பொருள், 'அன்புள்ள மெர்வ்'. 'தங்கள் வேலையின் தரத்தைக் கருதி' வரை எழுதிவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாகக்கூட வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் கூசியது.

தாளைக் கிழித்தேன். வேறொன்றில் நோலீனுக்கு எழுதினேன். அளந்தது நான், மறைத்தது நான், இன்று காலை வாய் திறக்காமல் இருந்தவனும் நான். மெர்வ் போய் வாங்கி வருகிறேன் என்றான், தடுத்தேன். மண்டப வேலை அவனுக்கே போக வேண்டும். இந்தக் கடிதத்தைக் கமிட்டியில் எல்லோர் முன்னும் படிக்கவும். செயலாளர் பொறுப்புக்கு வேறு ஆளைப் பார்க்கவும்.

அவள் வீட்டு வாசல்வரை நடந்தேன். உள்ளே அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. மணியை அழுத்த முடியவில்லை. அப்படியே தபால் நிலையத்துக்குப் போய்விட்டேன்.

அங்கிருந்த பெண் விலாசத்தைப் படித்தாள். "உங்க தெருதானே? நடந்து போய்க் குடுத்தா ஆகாதா?"

"ஆகாதும்மா," என்றேன்.

உறையை நாக்கால் நனைத்து ஒட்டி அவளிடம் நீட்டினேன். அவள் முத்திரை குத்திப் பையில் போட்டாள்.