குழாயடிப் பக்கத்து இறக்கை

இதில் ஓர் இடம் மட்டும் எனக்கு நிச்சயமில்லை. ஆண்டு நினைவிருக்கிறது, எண்பத்து நாலு. மாதம் பங்குனி. மேலூருக்கு அந்தப் பக்கம், ஆடுமாடுகள் மிதித்து மிதித்து மட்டமாகிவிட்ட ஒரு வற்றிய கண்மாய். அன்று மரியராஜ் போட்டிருந்த சட்டையின் மேல் பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது கூட நினைவிருக்கிறது. ஆனால் அங்கே கடந்துபோன இரண்டு நொடிகளில் என் கண் எதைப் பார்த்தது, நான் பார்த்த பிறகு தலையாட்டினேனா, பார்க்காமலே ஆட்டினேனா என்று கேட்டால் ஒவ்வொரு வருடமும் எனக்கு வேறு வேறு பதில் வருகிறது. தெரிந்ததை எல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தால் அந்த இடமும் தானாகத் தெளியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

மரியராஜ் ஒரு மிஷன் பள்ளியில் பௌதிக ஆய்வுக்கூடத்து உதவியாளன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வைப்பதும் தராசுகளைத் துடைப்பதும் வேலை. ஆசிரியர்களுக்கு ஓடாத சோதனை அவன் கை பட்டால் ஓடும். நான் பொதுப்பணித் துறையில் படம் வரைபவன். பழங்காநத்தத்தில் வரிசை வீடுகளில் ஒன்றில் தனியாகக் குடியிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுமலையிலிருந்து அம்மா மாதம் ஒருமுறை வந்து அழுதுவிட்டுப் போவாள். நூலகத்தில் ஒரே பத்திரிகைக்காகக் காத்திருந்த இரண்டு பேராகத்தான் நானும் மரியராஜும் பழக்கமானோம். இருவரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் நேராக என் வீட்டுக்கு வருவான். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்போம். சில நாட்களில் 'வாரேன் மாப்ள' என்று அவன் எழுந்து போவதுதான் அன்றைக்கு நாங்கள் பேசிய முதல் பேச்சாக இருக்கும். அப்படி ஒருவனோடு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ரேடியோவால் ஓட்டும் சின்ன விமானம் ஒன்றை அவன் ஏற்கெனவே செய்து பறக்கவிட்டிருந்தான். அது மெதுவாக வட்டமடிக்கும், இறங்கும், அவ்வளவுதான். அவனுக்குக் கரணமடிக்கும் விமானம் வேண்டும். அதுவும் பெரிதாக. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த அங்குல அளவுப் படத்தை நான் எட்டு மடங்கு பெருக்கித் தாளில் வரைந்து கொடுத்தேன். உடல் ஆறரை அடி. இறக்கை எட்டு அடி. கல்கத்தாவிலிருந்து பால்சாப் பலகை பார்சலில் வந்தது. பஞ்சு மாதிரி கனமற்ற மரம், சவரப் பிளேடால் அறுக்கலாம். எஞ்சினுக்கு எங்கே போவது என்று ஐந்து மாதம் யோசித்தோம். எழுமலையில் என் சித்தப்பா பருத்திக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி நான் பஸ்ஸில் கொண்டுவந்தேன். ரேடியோவும், ரேடியோ சொல்கிறபடி இறக்கையிலும் வாலிலும் அசையும் மடல்களை இழுக்கும் தீப்பெட்டி அளவு மோட்டார்களும் அவன் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தவை. இறக்கைக்குப் போர்த்த அவன் மனைவி விக்டோரியா தன் ஆரஞ்சு நிற நைலக்ஸ் சேலையைக் கொடுத்தாள். 'கட்டுனா ஊரே இதப் பாக்குது, இது மேல போயி ஊரப் பாக்கட்டும்' என்றாள். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையிலிருந்து வாங்கிய டோப் என்ற வார்னிஷைத் துணி மேல் தடவினால் அது காய்ந்து மத்தளத்தோல் மாதிரி விறைக்கும். அந்த வாடை என் வீட்டுச் சுவரில் பல வருடம் இருந்தது.

என் முன்னறை பத்தடி நீளம், ஏழடி அகலம். கட்டிலைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டேன். விமானத்தின் வாலை அடுப்படிச் சுவரில் ஒட்டி, மூக்கைத் தெருவாசலைப் பார்த்து நிறுத்தியிருந்தோம். வெளிச்சம் வாசல் வழியாகத்தான் வரும், எஞ்சின் வேலை எல்லாம் மூக்கில்தான். எட்டடி இறக்கையை ஏழடி அறைக்குள் மாட்ட முடியாது. அதனால் இறக்கை இரண்டு துண்டு. உடலை ஒரு சுவர் ஓரமாக ஒதுக்கி ஒரு பக்க இறக்கையை மாட்டி வேலை செய்வோம், பிறகு கழற்றிவிட்டு மறுபக்கம் ஒதுக்கி மற்றதை மாட்டுவோம். பதினாலு மாதத்தில் இரண்டு இறக்கையையும் ஒருசேர மாட்டி நாங்கள் பார்த்ததில்லை. பேச்சு வசதிக்காக இறக்கைகளுக்குப் பெயர் வைத்திருந்தோம். வாசலில் நின்று உள்ளே பார்த்தால் வலக்கைப் பக்கம் தெருவில் டீக்கடை, இடக்கைப் பக்கம் குழாயடி. ஆகவே ஒன்று டீக்கடை இறக்கை, இன்னொன்று குழாயடி இறக்கை. பென்சிலால் அப்படித்தான் எழுதியும் வைத்தேன். வலது, இடது என்ற சொற்களே எங்கள் வேலையில் வரவில்லை.

இறக்கையின் பின்விளிம்பில் கதவு மாதிரி அசையும் மடல்தான் விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பது. முந்தைய சின்ன விமானத்தில் அது கிடையாது. வலப்பக்கம் சாய வேண்டுமானால் வலது இறக்கையின் மடல் மேலெழ வேண்டும், இடது மடல் தாழ வேண்டும். மரியராஜ் வாசலில், மூக்குக்கு எதிரே நின்று, ரேடியோப் பெட்டியின் குச்சியை டீக்கடைப் பக்கம் தள்ளினான். டீக்கடை மடல் எழுந்தது. இறக்கையை மாற்றி மாட்டி, குழாயடிப் பக்கம் தள்ளினான். குழாயடி மடல் எழுந்தது. 'முடிஞ்சது மாப்ள' என்று என் முதுகில் தட்டினான். நாங்கள் பார்த்தது விமானத்தின் முகத்தை. எதிரே நிற்பவனின் வலக்கை நமக்கு இடப்பக்கம் அல்லவா. ஒரு கட்டிடத்தின் முன்தோற்றத்தையும் பின்தோற்றத்தையும் வரைந்து சம்பளம் வாங்கும் நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதற்கு நடுவில்தான் கோயமுத்தூர் வந்தது. மாணவர்களுக்கு மாதிரி விமானம் செய்யக் கற்றுக்கொடுக்க என்.சி.சி. விமானப் பிரிவில் ஒரு பயிற்றுநர் வேலை காலி. படிப்பு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கைத்திறனை நேரில் காட்டினால் போதும் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். மரியராஜ் எழுதிப்போட்டான். அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. பறந்து, ஒரு கரணம் அடித்து, பத்திரமாக இறங்க வேண்டும். விண்ணப்பத்தோடு அனுப்ப விமானத்தின் பக்கத்தில் அவனை நிற்க வைத்து நான்தான் படம் எடுத்தேன். 'வடிவமைத்துச் செய்தவர்: ப. மரியராஜ்' என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தான். அது சரிதான். விண்ணப்பம் அவனுடையது.

'கெடச்சா போயிருவியா?' என்று கேட்டேன்.

'போகாம? பதினாலு வருசமாக் குழா கழுவுறேன் மாப்ள. போன வாரம் ஒம்பதாப்புப் பய ஒருத்தன் என்னைய "ஏய், தண்ணி கொண்டா"ங்குறான்.'

விக்டோரியா சோற்றுத் தூக்கை இறக்கி வைத்துவிட்டு, 'கோயமுத்தூர்ல தண்ணி தித்திக்குமாம்லண்ணே' என்றாள். 'லீவு விட்டா நீங்க வந்துருங்க. உங்களுக்குன்னு ஒரு கட்டில் போட்டு வைக்கிறேன்.' அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அவர்கள் போன பிறகு பாயை விரித்து, குழாயடி இறக்கைக்குக் கீழே படுத்துக்கொண்டேன். சேலையின் பூக்கள் டோப்பில் ஊறி, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை போலத் தெரிந்தன. கோபமென்று சொல்ல மாட்டேன். இனி வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் வந்தது. உடலையும் இறக்கைகளையும் ஜமுக்காளங்களில் சுற்றி மேலூர் பஸ்ஸின் மேல் ஏற்றினோம். கண்டக்டர் ஏணியில் பாதி ஏறி வந்து பார்த்தார்.

'என்னண்ணே இது, நீட்டமா? பிரேதம்னா ஏத்த மாட்டேன், சொல்லிப்புட்டேன்.'

'ஏரோப்பிளேன்ணே' என்றான் மரியராஜ்.

'பிளேனு வச்சிருக்கவுக பஸ்ல எதுக்கு வாரீக?' பஸ்ஸே சிரித்தது. மரியராஜும் சிரித்தான். அவன் அப்படிப் பல் தெரியச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கண்மாய்க்குள் அதிகாரியின் ஜீப் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. கண்ணியமான மனிதர். கைகொடுத்தார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கரையிலிருந்து இறங்கி வந்தார்கள். நாங்கள் முதல் முறையாக இரண்டு இறக்கைகளையும் சேர்த்து மாட்டினோம். அது அத்தனை பெரிதென்று எனக்கே தெரியாது. அறைக்குள் பாதி பாதியாகப் பார்த்த ஒன்று வெட்டவெளியில் கை விரித்து நின்றது. மரியராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். நான் வாலின் பின்னால் மண்டியிட்டு, ஓடிவிடாமல் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் முன்னால் நின்று மூக்கு விசிறியைக் கையால் சுழற்றினான். நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது.

சோணைமுத்து என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஓர் ஆட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு என்னருகில் குனிந்தார். 'ஏண்ணே, இது மருந்தடிக்கிற மிசினு சத்தமில்ல?'

'ஆமாண்ணே.'

'இங்கிட்டுப் பருத்தியே இல்லையே. அம்புட்டுத் தூரம் எதுக்குத் தூக்கிட்டு வந்தீக?'

இனிமேல்தான் அந்த இடம். மரியராஜ் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல மூக்குக்கு எதிரே, சற்று விலகி நின்றான். பறக்கவிடும் முன் கடைசிச் சோதனை. 'ரைட்டு!' என்று கத்திக் குச்சியைத் தன் வலப்பக்கம் தள்ளினான். பதினாலு மாதத்தில் முதல் முறையாக அந்த விமானத்தை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம், என் வலக்கைப் பக்கம், குழாயடி மடல் தாழ்ந்தது. இடப்பக்கம் டீக்கடை மடல் எழுந்தது. இப்படி எழுதும்போது தெளிவாகத் தெரிகிறது. மடலின் ஓரத்தில் சேலையின் கரை, அது எழும்போது பட்ட வெயில். ஆனால் இது அன்று பார்த்ததா, பிற்பாடு ஆயிரம் முறை நினைத்து நினைத்து நானே வரைந்துகொண்டதா? படம் வரைவது என் தொழில். விசிறிக் காற்று கண்ணில் புழுதியை அடித்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மை.

'சரியா இருக்கா மாப்ள?' என்றான். சத்தத்தில் கேட்கவில்லை, வாயசைவில் தெரிந்தது.

நான் தலையாட்டினேன். அது மட்டும் நிச்சயம். பெட்டியின் பின்னால் மடல்களின் திசையை மாற்ற, நகத்தால் தள்ளக்கூடிய ஒரு சின்ன சுவிட்சு இருந்தது, அதைத் தள்ளினால் எல்லாம் நேராகியிருக்கும். அந்த நேரத்தில் என் மனதில் கோயமுத்தூர் இருந்ததா என்று எத்தனையோ முறை தேடிப் பார்த்துவிட்டேன். அங்கே எதுவும் இல்லை. வெறும் சத்தம்தான் இருக்கிறது.

அவன் என் பின்னால் வந்து நின்றான். நான் விட்டேன். அது ஓடி, கண்மாயின் நடுவில் தரையை விட்டு, ஒரு பனை உயரத்துக்கு ஆரஞ்சு நிறமாக எழுந்தது. ஆட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். காற்று அதை லேசாக இடப்பக்கம் சாய்த்தது. மரியராஜ் நிமிர்த்த வலப்பக்கம் தள்ளினான். அது இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. மேலும் தள்ளினான், மேலும் சாய்ந்தது. அவன் சரிசெய்யச் சரிசெய்ய அது புரண்டு, மல்லாந்து, டீக்கடை இறக்கையைக் கீழே கொடுத்துத் தரையில் குத்தியது. எஞ்சின் நின்ற பிறகு ஆடுகளின் மணி கேட்டது.

அதிகாரி நடந்து போய், மரியராஜைக் குச்சியைத் தள்ளச் சொல்லி, குனிந்து, மிஞ்சிய இறக்கையின் மடல் எழுகிறதா தாழ்கிறதா என்று பார்த்தார். 'லெஃப்ட் ரைட் மாறியிருக்கு மிஸ்டர் மரியராஜ். கடைசியா ஒரு தடவ செக் பண்ணலையா?'

'பண்ணுனேன் சார். நான்தான் பண்ணுனேன். என் தப்புதான்.'

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி அவன் தோளைத் தொட்டு, 'நல்லா செஞ்சிருக்கீங்க' என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சோணைமுத்து ஒரு சாக்கு கொண்டுவந்து, சில்லுகளைப் பொறுக்கக் கூட நின்றார். 'பெரிய சாமான்ல, நாளைக்குச் சரி பண்ணிரலாம்ணே' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் மரியராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஒத்தக்கடை தாண்டிய பிறகு, முகத்தைத் திருப்பாமலே சொன்னான்:

'அந்தச் சத்தத்துல நான் கேட்டது உனக்கு எங்க கேட்டுருக்கப் போகுது. விடு.'

நான் ஒன்றும் கேட்காமலே அந்தச் சமாதானத்தை அவன் கொடுத்தான். வாயசைவில் புரிந்தது என்று சொல்ல எனக்கு பஸ் ஊர் போய்ச் சேரும் வரை நேரம் இருந்தது. சொல்லவில்லை. எங்களுக்குப் பழக்கமான மௌனம்தான் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. ரேடியோ துபாய் மச்சானிடம் திரும்பிப் போனது. எஞ்சினைச் சித்தப்பா வாங்கித் தட்டிச் சரிசெய்து, இன்னும் ஆறு வருடம் பருத்திக்கு மருந்தடித்தார். மரியராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தான், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு பண்டிகைக்கு. அவன் வேறு விமானம் செய்யவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் ஓய்வுபெற்று, சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்து, நாலு வருடத்துக்கு முன் இறந்தான். விக்டோரியா மகளோடு ஓசூரில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள். என் அம்மா அழுவதை நிறுத்தி, பின் போய்ச் சேர்ந்தாள். நான் ஓய்வுபெற்று அதே வீட்டில் இருக்கிறேன். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை, குழாயடி இல்லை.

உடையாமல் மிஞ்சிய குழாயடி இறக்கை பரண் மேல் இருக்கிறது. சேலையின் நிறம் வெளுத்துவிட்டது, துணி இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது. எப்போதாவது அதை இறக்கித் துடைக்கிறேன். விரலால் மடலைத் தூக்கினால் கீலில் சத்தமே இல்லாமல் எழுகிறது. அந்த நேரத்தில் மற்ற இறக்கையின் மடல் தாழ வேண்டும். என் கண் தன்னால் அந்தப் பக்கம் போகிறது, அங்கே சுவர் இருக்கிறது.