செகண்டுக்குப் பதினைந்து தடவை

மனைவி யாழினி இறந்து இருபத்தாறு நாள் ஆகியும் அவளுடைய கம்ப்யூட்டரைச் சித்தார்த்தன் அணைக்கவில்லை. இறந்த அன்று காலை அதில் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தாள். "முடிச்சுட்டுக் காட்டறேன், எட்டிப் பாக்காத" என்றாள். தலைவலி என்று திரையைப் பூட்டிவிட்டு எழுந்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியாது. அணைத்துப் போட்டால் பூட்டை உடைக்கலாம், ஆனால் சேவ் செய்யாதது போய்விடும் என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர்.

அணைக்காமலே திறக்க வழி தேடித்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய், தில்லைநகரில் ஹார்டுவேர் வகுப்பில் சேர்ந்தான்.

பாடம் நடத்திய விஜயராணிக்கு அவன் வயதுதான் இருக்கும். "இந்தப் பெட்டிய சிபியுன்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றாள் முதல் நாள். எல்லாரும் தூக்கினார்கள். "சிபியு உள்ள இருக்குற ஒரு சிப்புங்க. வீட்டையே சமையல்காரர்னு கூப்பிடுவீங்களா?"

மூன்றாம் நாள் மெமரி. "சேவ் பண்ணாததெல்லாம் ரேம்லதான் இருக்கும். அதுல ஒவ்வொரு அறையும் ஓட்டைக் குடம். கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால செகண்டுக்குப் பதினஞ்சு தடவையாவது, இருக்கறதப் படிச்சு அதையே திரும்ப எழுதணும். டெஸ்க்டாப்ல சும்மா ரீஃப்ரெஷ் அடிப்பீங்களே, அது இல்ல. இதுதான் நெசமான ரீஃப்ரெஷ்."

"நிறுத்திட்டா?" என்று கேட்டான்.

"மறந்துரும்."

வகுப்பு முடிந்ததும் அவளிடம் விஷயத்தைச் சொன்னான். "கரண்ட் போகாமப் பாத்துக்குங்க" என்றாள்.

அடுத்த வாரம் பேப்பரில் வந்தது: பராமரிப்புப் பணி, ஸ்ரீரங்கத்தில் காலை ஒன்பதே முக்கால் முதல் மாலை நான்கு வரை மின்தடை. அதுவரை கரண்ட் போனதெல்லாம் சில நிமிஷம்தான், யூபிஎஸ் தாங்கியிருந்தது. பெரிய யூபிஎஸ் ஒன்று கொண்டுவருவதாக விஜயராணி சொன்னாள். அம்மா மண்டபம் சாலையில் ஆட்டோ மாட்டிக்கொண்டதில், அவள் அவன் வீட்டுப் படியேறியபோது பதினொன்றரை.

"அணைஞ்சிருக்குமேங்க. மன்னிச்சுக்குங்க."

"ஓடுது" என்றான்.

சத்தமில்லாத அறையில் அந்தப் பெட்டியின் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. விஜயராணி பழைய யூபிஎஸ்ஸைத் திறந்தாள். பேட்டரி வீங்கி, ஒயர் துருப்பிடித்து அற்றுக் கிடந்தது.

"இது செத்து ஒரு வருஷமாவது இருக்கும்." எழுந்து சுவரோரம் போய் நின்றாள். "எதுலங்க ஓடுது?"

அவன் திரையைப் பார்த்தான். படித்து, எழுதி, படித்து, எழுதி. செகண்டுக்குப் பதினைந்து தடவை. நாற்பது நாளாக.

"கொண்டாந்தத மாட்டட்டுங்களா?"

"வேணாங்க."

திரையில் யாழினி என்ற பெயர். அதன் கீழே காலியான பாஸ்வேர்டு கட்டத்தில் கோடு விட்டு விட்டுத் தெரிந்தது. இழுத்து இழுத்து மூச்சு விடுவதுபோல இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று.

"நான் படிக்கலன்னா பரவால்ல" என்றான் திரையிடம். "போதும். விட்டுடு."

பட்டனை அழுத்திப் பிடித்தான். ஃபேன் நின்றது.

விஜயராணி தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனாள். அவள் சொல்லிக்கொடுத்தபடியே திருகுகளைக் கழற்றி, ரேமை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். விரல் அகலத்தில் ஒரு பச்சைப் பட்டை. சூடாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்ததுதானே, இருக்கும்.

நான்கு மணிக்குக் கரண்ட் வந்தது. அப்போதும் அது ஆறியிருக்கவில்லை.