கல் புரட்டிய பிள்ளை

ஜீப் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று என் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். "எங்கம்மா ஊர்ல இருக்கா. நான் மாமாவைப் பாக்க வந்தேன்." அவ்வளவுதான். ஒடிசாவில் எங்கள் பலாங்கீரில் ரயிலேறித் தெலங்கானாவில் இறங்கியதும், பிள்ளை வைத்திருக்கும் எல்லோருக்கும் மேஸ்திரி இதைத்தான் முதலில் சொல்வான்.

செங்கல் சூளையில் ஒரு குடும்பம் என்றால் மூன்று பேர். மண் குழைக்க நான், அச்சடிக்க என் புருஷன் டம்பரு, கல் புரட்ட மகள் ஜெமா. சுடாத பச்சைக்கல் ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டிப் போட வேண்டும். பெரியவர்கள் கால் பட்டால் நொறுங்கிவிடும். ஆறு வயசுப் பிள்ளை கல்லின் மேலேயே ஓடினாலும் ஒன்றும் ஆகாது. இது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

வேலை செய்கிற பிள்ளைகளைப் பிடிக்கும் அதிகாரிகளின் ஜீப் வந்த வியாழக்கிழமை மற்றப் பிள்ளைகள் முள்ளுக்காட்டுக்குள் ஓடிவிட்டன. ஜெமா ஓடவில்லை. நின்று ஒப்பித்தாள். எந்த மாமா என்று கேட்டார்களாம். அதை நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆதரவில்லாத பிள்ளை என்று எழுதி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மண்குழியிலிருந்து ஏறி வருவதற்குள் புழுதிதான் மிச்சம்.

"பிள்ளையை ஜீப்ல ஏத்தி அனுப்பிட்டு இங்க வந்து மூக்கைச் சிந்துறியா?" என்றான் மேஸ்திரி. "நீ சொல்லிக்குடுத்த பாடந்தானேடா!" என்று டம்பரு அச்சுக்கட்டையோடு அவன்மேல் பாய்ந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

பத்தொன்பது நாள். குழந்தைகள் நலக் குழு ஆபீசுக்கு இரண்டு தடவை போனோம். ஆதார், ரேஷன் அட்டைகளெல்லாம் ஊரில் இருந்தன. அம்மா என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம்தான் ஸ்வரூபா சூளைக்கு வந்தாள். பிள்ளையைத் தூக்குவதற்கு முன் குடும்பத்துக்கு என்ன குறை என்று போய்ப் பார்க்க, இந்த வருஷம்தான் குழுவில் இப்படி ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்களாம்; எங்களிடம் வந்தது தூக்கிய பிறகுதான். ஒடியா பேசினாள், வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி. எங்கள் குடிசைக்குள் குனிந்து நுழைந்து தரையில் உட்கார்ந்தாள். "நாளைக்கு நீ மட்டும் வா அக்கா. உன் வீட்டுக்காரர் வந்தா அங்கயும் யாரையாவது அடிப்பாரு" என்றாள்.

மறுநாள் குழு அறையில் மேஜைக்குப் பின்னால் யசோதம்மா உட்கார்ந்திருந்தார். குழுவின் தலைவி. ஜெமாவைக் கூட்டிவந்தார்கள். பேனுக்காக மொட்டை அடித்திருந்தார்கள். காதுகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

யசோதம்மா தெலுங்கில் கேட்பதை ஸ்வரூபா எங்கள் பேச்சில் சொன்னாள். "இது யாரும்மா கண்ணு?"

ஜெமா என்னை நேராகப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. "தெரியாது. எங்கம்மா ஊர்ல இருக்கா. நான் மாமாவைப் பாக்க வந்தேன்."

என் பிள்ளை என்னை மறக்கவில்லை, காப்பாற்றிக்கொண்டிருந்தாள். யசோதம்மா பேனாவை எடுத்தார். ஒடிசாவில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புவார்கள், அங்கே விசாரிக்க மாசக்கணக்கில் ஆகும் என்று ஸ்வரூபா முன்பே சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளையை வேலைக்கு விட்டவள் என்று என் வாயாலேயே ஆகும். சொல்லாவிட்டால் ரயில்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றேன். "கல் புரட்ட விட்டதும் நான்தான். எழுதிக்கோங்க."

பேனா நின்றது.

நான் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினேன். "ஜெமா, பாடம் முடிஞ்சிடுச்சு. இனிமே சொல்லலாம்."

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஜீப் நிக்குது."

"நிக்கட்டும்டி. இவங்ககிட்டச் சொல்லலாம்."

"மேஸ்திரி திட்டுவான்."

"அவனை அப்பா பாத்துக்குவாரு."

அதை நம்பினாள். மெதுவாக வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மொட்டைத் தலை தாடையில் குத்தியது. காதுக்குள் சொன்னாள்: "மா, நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. மிட்டாய் குடுத்தாங்க, அப்பவும் சொல்லலை."

"கெட்டிக்காரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

யசோதம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்டிப்பாகவே கேட்டார். "இன்னிக்குக் குடுத்தா நாளைக்கு மறுபடி கல் மேல ஓடுவாளா?"

"விட்டுட்டுப் போக ஓர் இடம் இருந்தா ஓடமாட்டா. இடமே இல்லைங்களே அம்மா. மண்குழியில தண்ணி, குடிசையில பாம்பு. கல் மேல இருந்தா என் கண்ணு முன்னாடியாவது இருப்பா."

ஸ்வரூபா குறுக்கே பேசினாள். சூளையில் பதினேழு பிள்ளைகள் இருக்கிறார்கள், பாதுகாப்பாக ஒரு கொட்டகை இல்லை, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இல்லை, ஒரு வேளைச் சோறு இல்லை. அதைச் செய்ய வேண்டியது ஓனரும் அரசாங்கமும், இவள் இல்லை என்றாள். தெலுங்கில் சண்டை மாதிரி இருந்தது. பின்னால்தான் எனக்கு விளக்கினாள்.

கடைசியில் யசோதம்மா எழுதினார். பிள்ளை இன்றைக்கே தாயோடு போகலாம். பத்து நாளில் ஓனர் கொட்டகை போட வேண்டும். ஸ்வரூபா வாராவாரம் வந்து பார்ப்பாள். "கல் மேல பாத்தேன், அப்புறம் நானே வருவேன்" என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். வரட்டும். அந்தக் கொட்டகையையும் பார்க்கட்டும்.

தாள் தயாராக ஒரு மணி நேரம் ஆனது. ஜெமா என் மடியில் தூங்கிவிட்டாள். வாயில் எச்சில் வழிந்தது. குமாஸ்தா மேஜையிலிருந்து கூப்பிட்டார், "கைநாட்டு வைக்கணும், எந்திரிச்சு வாம்மா."

என் கை அவள் தலைக்கு அடியில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அவர் இரண்டாம் தடவை கூப்பிட வாயைத் திறந்தார். பிறகு மைப்பெட்டியையும் தாளையும் எடுத்துக்கொண்டு வந்து, முட்டியில் சொடக்கு விழ என் பக்கத்தில் குந்தினார்.