என் வண்டி கொடுத்த மனு

மேலலுவலர் அவர்களுக்கு, எதிர்மனுதாரர் சிவனணைந்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

விசாரணைக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆட்களைச் சொல்லிவிட்டுத்தான் சங்கதிக்குப் போக வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மேசைக்குப் பின்னால் விசாரணை அலுவலர் பொன்ராணி அம்மாள். அவருக்கு எதிரே, கைப்பிடி வைத்த நாற்காலியில், என் மோட்டார் சைக்கிள். ஹேண்டிலைக் கொஞ்சம் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுவரோரப் பெஞ்சில் என் மனைவி தங்கபுஷ்பம். அவளுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு ஐயாத்துரை. பெஞ்சுக்கு அடியில் மெக்கானிக் சவரிமுத்து மல்லாந்து படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தால் அவருக்குப் பேச்சு வராது. வாசலில் டவாலி செல்லையா, சைக்கிளைப் பிடித்தபடி.

எனக்கு நாற்காலி இல்லை. எதிர்மனுதாரர் நிற்க வேண்டும்.

மனுவைக் கொடுத்தது என் வண்டி. உரிமையாளரை மாற்றித் தரக் கேட்டிருந்தது. எங்கள் ஊரில் வண்டிகள் மனுக் கொடுப்பது புதிதல்ல. போன மாதம் ஒரு மினி லாரி தன் டிரைவரை விட்டுவிட்டு ஒரு தையல்காரரோடு போய்விட்டது. ஆனால் என் வண்டி கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்னைப் போல் வண்டி வைத்திருப்பவன் ஊரில் கிடையாது. இது நான் சொல்வதல்ல, ஊர் சொல்வது. வாங்கி வருடங்கள் ஆயிற்று, இன்றைக்கும் கடையிலிருந்து இறக்கின மாதிரி இருக்கும். சீட்டின் மேல் கம்பெனியில் போட்டு அனுப்பின பாலிதீன்கூட அப்படியே இருக்கிறது.

பொன்ராணி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"மனுவ வாசிக்கேன். 'என்மேல் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.' காரணம்னு இவ்வளவுதான் எழுதியிருக்கு."

"தெனமும் நான்தானம்மா உட்காருதேன்."

"எதுமேல?"

"சீட்டு மேல."

"பாலிதீன் மேல."

"சீட்டு கெட்டுறக் கூடாதுல்லா."

இதை நான் சொன்னதும் கூடம் நீண்டது. எனக்கும் வண்டிக்கும் நடுவில் புதிதாகச் சில தளக்கற்கள் வந்திருந்தன. ஈரம்கூடக் காயவில்லை. மேசை, பெஞ்சு, ஆட்கள் எல்லாம் வண்டியின் பக்கத்தில் இருந்தார்கள். நான் மட்டும் இந்தப் பக்கம்.

"அம்மா, கூடம் நீளுது."

"நீளும். நீங்க பதில் சொல்லச் சொல்ல நீளும். அது கூடத்தோட வேலை. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கிடுங்க. வண்டி உங்க கண்ணுக்குத் தெரியுற வரைக்கும்தான் உங்க வண்டி. தெரியாம போயிட்டுன்னா வழக்கு முடிஞ்சிட்டு."

"பதிலே சொல்லாம இருந்தா?"

"அதுவும் ஒரு பதில்தான்."

மறுபடி நீண்டது. நான் கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டேன்.

முதல் சாட்சி சவரிமுத்து. பெஞ்சுக்கு அடியிலிருந்தபடியே சொன்னார்.

"அண்ணாச்சிய குறை சொல்லப்படாதும்மா. வண்டிய ஒர்க் ஷாப்புல விட்டுட்டுப் போவ மாட்டாரு. போல்ட்டக் கழத்தும்போது கண்ணப் பொத்திக்கிடுவாரு. ஆயில் மாத்தினா வெளிய போயி நிப்பாரு, ஆசுபத்திரி வாசல்ல நிக்க மாதிரி."

"என்னென்ன ரிப்பேர் பாத்தீங்க?"

"ஒண்ணும் பாத்ததில்லயே. ஓடுனாத்தானம்மா ரிப்பேர் வரும்."

"அப்ப எதுக்குக் கொண்டு வருவாரு?"

"சும்மாதான். 'நல்லா இருக்கா பாரும்'பாரு. 'நல்லா இருக்கு'ம்பேன். கூட்டிட்டுப் போயிருவாரு."

இதில் தப்பாக ஒரு வார்த்தை இல்லை. அப்படியும் கூடம் நீண்டது. சவரிமுத்துவின் கால்கள் தீக்குச்சிகள் மாதிரி தெரிந்தன.

அடுத்தது ஐயாத்துரை. வண்டி அவரிடம்தான் போக வேண்டும் என்று கேட்டிருந்தது. ஐயாத்துரை வண்டியின் நிறம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அதில் ஆடு போகும், கேஸ் சிலிண்டர் போகும், ஒருமுறை கதவு நிலை போயிற்று. மழைத் தண்ணீரில் இறக்குவார். காலையில் டேங்கைத் தட்டி, "கெளம்பு தாயி" என்பார். அது புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் என் வண்டியை இன்னொரு தடவை துடைத்து வைப்பேன்.

"இந்த வண்டி உம்மகிட்ட வரணும்னு சொல்லுது. சம்மதமா?" என்று பொன்ராணி அம்மாள் கேட்டார்.

ஐயாத்துரை எழுந்து சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். அவருடைய வலது தோளில் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி ஒன்று முளைத்திருந்தது.

"முடியாதும்மா. எனக்கே இப்பம் எது நான், எது வண்டின்னு வெளங்கல. ராத்திரி எம் பொண்டாட்டி என்னையத்தான் சங்கிலி போட்டுப் பூட்டுதா."

"இடது தோள்ல?"

"அது இன்னும் மொட்டா இருக்கு."

"வலிக்குதா?"

"திரும்பும்போது மட்டும்."

பொன்ராணி அம்மாள் அவரை உட்காரச் சொன்னார். இன்னொரு வண்டியை ஏற்க இவருக்குத் தகுதியில்லை என்று எழுதிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வெளியே காட்டவில்லை. ஆனால் சந்தோஷமும் பதிலில் சேர்த்திதான் போலிருக்கிறது. கூடம் சர்ரென்று நீண்டது. அலுவலரின் வாய் அசைவது தெரிந்தது. குரல் வந்து சேரவில்லை.

அதன் பிறகு டவாலி செல்லையா கேள்விகளைச் சைக்கிளில் கொண்டுவரத் தொடங்கினார். கேள்வியை வாய்க்குள் வைத்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மிதித்து வருவார். இறங்கி ஸ்டாண்ட் போடுவார். பிறகு வாயைத் திறந்தால் பொன்ராணி அம்மாளின் குரல் வரும்.

"வண்டிக்கு நீங்க செஞ்ச நல்ல காரியம் ஒண்ணு சொல்லுங்க."

பிறகு தன் குரலில், "யோசிச்சுச் சொல்லும்வே. மேடால்லா இருக்கு, மிதிக்க முடியல" என்பார்.

நான் யோசித்தேன். ஆயுத பூசையைச் சொன்னேன். எல்லாரும் வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்து அதன் மேல் ஏற்றி நசுக்குவார்கள். நான் வண்டியை ஏற்றுவதில்லை. டயரில் புளிப்பு ஏறிவிடும். பழத்தை என் காலாலேயே மிதித்து நசுக்கிவிடுவேன். திருஷ்டி என் மேல் வந்தால் வரட்டும்.

செல்லையா சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார்.

"இதத்தான் கொண்டுபோவவா?"

"கொண்டு போரும்."

"வேற இருந்தா சொல்லும்."

"இதுதான் உள்ளதுலயே நல்லது."

அவர் போனார். கூடம் அவர் போகப் போகவே நீண்டுகொண்டிருந்தது. சைக்கிள் ஒரு எறும்பாகிப் போய்ச் சேர்ந்தது. வண்டி ஒரு கறுப்புப் புள்ளியாக இருந்தது, அதன் நடுவில் ஹெட்லைட் ஊசிமுனை போல மின்னியது. கண் எரிந்தது. நான் இமைக்கவில்லை. இமைக்கிற நேரத்தில் ஒரு கல் வந்துவிட்டால் என் கதி என்ன?

அடுத்த முறை செல்லையா இறங்கி வாயைத் திறந்தபோது தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது.

"என்னைய ஏத்தணும்னா மொதல்ல கொலுசக் கழத்தச் சொல்லுவாக. சைலன்சர்ல கீறல் விழுந்துருமாம். பெறகு சேலையச் சுருட்டிப் பிடிக்கச் சொல்லுவாக. செயின்ல மாட்டி நான் விழுந்துருவேன்னு இல்ல, செயினு அழுக்காயிருமாம். சரி, நடந்தே போறேன்னுருவேன். அதுக்குப் பெறகு பாக்கணுமே சந்தோசத்த. வண்டியத் தள்ளிக்கிட்டுக் கூடவே நடந்து வருவாக. கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான், கருமாதிக்கும் அப்படித்தான். எங்க மூணு பேரையும் ஊரே பாத்துச் சிரிக்கும்."

செல்லையா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என்னவே சொல்லுதீரு?"

"அது அன்புதான்னு சொல்லும்."

"யாருமேல?"

நான் பதில் சொல்லவில்லை. அதுவும் பதில்தான் என்று பிறகுதான் நினைவு வந்தது.

கடைசியாக அவர் வந்தபோது சட்டை முழுக்க வியர்வை. வாயிலிருந்து அலுவலரின் குரல் களைப்பாக வந்தது.

"ஒரு வாய்ப்புத் தாறேன். வந்து பாலிதீனக் கிழிச்சுட்டு உட்காரணும். உட்கார்ந்து கிக்கர மிதிக்கணும். ஸ்டார்ட் ஆயிட்டா கூட்டிட்டுப் போயிரலாம்."

நான் ஓடினேன். ஓடும்போது கூடம் நீளவில்லை. அதற்காகக் குறையவும் இல்லை. செருப்பு ஒன்று வழியில் விழுந்தது, எடுக்கவில்லை. புள்ளி வண்டியாயிற்று. டேங்கில் என் முகம் தெரிகிற தூரம் வந்ததும் நின்றேன். ஐயாத்துரை எனக்கு வழிவிட, தோள் கண்ணாடியைக் கையால் மடக்கிக்கொண்டார்.

பாலிதீன் நுனியைப் பிடித்தேன். பழுத்த இலை மாதிரி மஞ்சளாக இருந்தது. கிழித்தேன். அதற்குக் கீழே இன்னொரு பாலிதீன். அதைக் கிழித்தேன். கீழே இன்னொன்று. கிழித்துப் போட்டது முழங்கால் அளவுக்குக் குவிந்தது. சவரிமுத்து பெஞ்சுக்கு அடியிலிருந்து இருமினார்.

"நிப்பாட்டிராதிய" என்றாள் தங்கபுஷ்பம்.

நான் நிறுத்தவில்லை. கடைசித் தாளில் ஒரு பொத்தல் விழுந்தது. பொத்தலுக்குள் சீட்டு தெரிந்தது. கறுப்பு. இத்தனை வருடத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. சுட்டுவிரலை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி போலச் சூடாக இருந்தது. வண்டி ஹேண்டிலை மெல்ல என் பக்கம் திருப்பியது.

விரலை எடுத்தேன். வைத்த இடத்தில் ரேகை விழுந்திருந்தது.

சட்டைப் பையிலிருந்து பனியன் துணியை எடுத்து அதைத் துடைத்தேன்.

யாரும் என்னைத் துடைக்கச் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது. பொன்ராணி அம்மாள் பேனாவை மூடினார். நான் நிமிர்ந்தபோது பழையபடி கூடத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டிருந்தேன். பனியன் துணி கையில் இருந்தது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுந்து நின்றது. பிறகு இரண்டும் ஒன்றாயின. ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆன சத்தம் அவ்வளவு தூரத்தையும் தாண்டி வந்தது. கரகரவென்று, சளி பிடித்த தொண்டை போல. என் வண்டியின் சத்தம் அதுதான் என்று அடையாளம் தெரிந்துகொள்ளவே எனக்கு நேரமாயிற்று. நான் ஓட்டும்போது அது இப்படி வாயைத் திறந்ததில்லை.

தங்கபுஷ்பம் ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு யாரும் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததில்லை. வண்டி கோணல்மாணலாக வந்தது. அவள் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் வந்தாள். என் முன்னால் வந்து வேகத்தைக் குறைத்தாள். நிறுத்தத் தெரியவில்லை.

"அத்தை வீட்டுக்குப் போறோம். அப்படியே அருவிக்கும். ஏறுங்க."

"பிரேக்க மிதி."

"பிரேக்க விடுங்க. ஏறுங்கன்னா."

சைலன்சரில் கீறல் விழுந்திருந்தது. கொலுசு பட்ட இடம்.

"அதப் பாக்காதிய. என்னையப் பாருங்க."

நான் கீறலைப் பார்த்தேன். ஆழமா, மேலாகவா என்று பார்த்தேன். மேலாகத்தான் இருந்தது. பாலிஷ் போட்டால் போய்விடும். இதைச் சொல்ல நிமிர்ந்தபோது அவர்கள் என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் சுவர் இருந்த இடத்தில் இப்போது கூடம் அந்தப் பக்கமும் நீண்டுகொண்டிருந்தது.

மேலலுவலர் அவர்களே, பின்விளக்குச் சிவப்பு இன்னும் எனக்குத் தெரிகிறது. ஆகையால் இந்த நிமிஷம் வரை வண்டி என்னுடையதுதான். செல்லையா இரக்கப்பட்டு ஒரு இன்லேண்ட் தாள் கொடுத்தார். மேல்முறையீடு என்றால் இப்போதே எழுதிவிடும், விளக்கு மறைந்துவிட்டால் எழுதிப் பிரயோஜனமில்லை என்றார். பார்வையை விளக்கிலிருந்து எடுக்காமல் எழுதுகிறேன். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் மன்னிக்கவும்.

கூடத்தின் அந்தக் கோடியில் மேகம் கட்டியிருக்கிறது. முதல் தூறல் விழுந்துவிட்டது. சிவப்பு கலங்கித் தெரிகிறது. அவர்கள் போகிற வேகம் குறையவில்லை. வண்டியை மூடுகிற தார்ப்பாய் என் கக்கத்தில்தான் இருக்கிறது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. செல்லையாவால் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட முடியும். அவரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

என் கோரிக்கையைக் கீழே எழுதுகிறேன்.

மூட வேண்டாம். யாரையும் அனுப்ப வேண்டாம். நனையட்டும்.

அத்தோடு எழுதி முடித்தேன். இனித் தாளை மடிக்க வேண்டும். ஒட்டுவதற்குக் குனிய வேண்டும். பார்த்துக்கொண்டே ஒட்ட முடியுமா என்று முயற்சி செய்தேன். ஓரங்கள் சேரவில்லை.

"கொஞ்சம் பொறும்வே. இன்னும் தெரியுது" என்றார் செல்லையா. "இப்பம் குனிஞ்சா போயிரும்."

"தெரியும்" என்றேன்.

குனிந்தேன். ஓரங்களை நேராக்கி, பசையை நாக்கால் ஈரப்படுத்தி, நகத்தால் அழுத்தி ஒட்டினேன். விலாசம் எழுதினேன். குனிந்தபடியே அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, கேரியரில் வைத்து, மழைக்கு மறைவாகத் தன் துண்டை அதன்மேல் போடப் போனார். வேண்டாம் என்றேன். அவர் ஏறி மிதித்தார்.