எல்லாம் அந்த கேம் பண்ற வேலை

இசைவாணி போர்மேனை அறைந்தது காலை பத்து மணிக்கு. பத்தரைக்குள் அதற்குக் காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் செல்போனில் துப்பாக்கி கேம் ஆடுகிறவளாம்.

ஆடுகிறவள்தான். ஏழாயிரம்பண்ணையில் ஏறினால் கம்பெனி வேன் பட்டாசு ஆலைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம். அதற்குள் பத்துப் பேரையாவது சுட்டுத் தள்ளினால்தான் அவளுக்குப் பொழுது போகும். பக்கத்து சீட்டில் வரும், ஒரே அறையில் கூட வேலை பார்க்கும் முருகம்மாள், "இன்னைக்கு எம்புட்டுப் பேரக் கொன்னடி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். ஆலை கேட்டில் வாட்ச்மேன் எல்லார் போனையும் வாங்கி வைத்துக்கொண்டால் சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும்.

மேனேஜர் ஜெயசுந்தர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். 'துப்பாக்கி விளையாட்டில் மூழ்கி மனநிலை பாதிக்கப்பட்டதால் போர்மேனைத் தாக்கிவிட்டேன். மன்னிக்கவும்' என்று அவரே எழுதி வைத்திருந்தார்.

"கையெழுத்துப் போடும்மா. நாளைக்கே வேலைக்கு வா. உன் மேல தப்பில்ல, எல்லாம் அந்த கேம் பண்ற வேலை. வாட்ஸப்புல ஒரு டாக்டரு தெளிவாச் சொல்றாரு."

போர்மேன் காளீஸ்வரன் கன்னத்தில் ஈரத்துண்டை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

இசைவாணி தாளைக் கடைசிவரை படித்தாள். அவள் சம்பளத்தில்தான் அவளும் அம்மாவும் சாப்பிடுகிறார்கள். கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். ஆனால் நடந்ததில் பாதி அந்தத் தாளில் இல்லை.

"இவுக டிரம்ம இழுத்ததப் பத்தி ஒண்ணுமே எழுதலையே சார்?"

"அது வேற விசயம்மா."

வேற விசயமாம்! அவன் இழுத்தது பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில். நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கிறது. சீசன் ஆர்டர் என்று பதினோரு பேரை அடைத்து வைத்திருக்கிறார்கள். சோதனைக்கு அதிகாரி வந்தால் ஏழு பேர் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் ஓடிப்போய் ஒளிய வேண்டும். தரையெல்லாம் மருந்துத் தூள். ரப்பர் விரிப்பு கிழிந்து சிமெண்டு தெரிகிற இடத்தில் இந்த மனுசன் இரும்பு டிரம்மைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு பொறி பறந்தால் பதினோரு பேரும் கரிக்கட்டை. தூக்கச் சொல்லி மூன்று தடவை கத்தினாள். "உன் சோலியப் பாரு" என்றான். நாலாவது தடவை அவள் வாயால் சொல்லவில்லை.

போன வருசம் பக்கத்து ஆலையில் இப்படித்தான் ஒரு அறை வெடித்துச் சிதறியது. கூடப் படித்த தங்கத்தாயைச் சேலைக் கரையை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள் இசைவாணி. அதற்கு எந்த கேம் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

"கேம்ல செத்தா மறுபடி எந்திரிச்சு வந்துருவேன் சார். அங்கன எனக்குக் கோவமே வராது. இங்கன செத்தா வர முடியுமா?"

"பாத்தியா, பேச்சே கேம் பேச்சா இருக்கு." ஜெயசுந்தர் போர்மேன் பக்கம் திரும்பினார். "நீ போயி வேலையப் பாருய்யா. மத்தியானம் லோடு ஏத்தணும்."

காளீஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். இசைவாணி பேனாவை எடுத்தாள். அவர் எழுதியதை முழுக்க அடித்தாள். கீழே, 'நாலு பேர் ரூமில் பதினோரு பேர் இருந்தோம். இரும்பு டிரம்மை இழுத்தார். அதனால் அறைந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

படித்ததும் ஜெயசுந்தரின் முகம் கறுத்துவிட்டது. "அப்ப நீ வீட்டுக்குக் கிளம்பலாம்."

அவள் எழுந்தபோது வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சார், போர்மேன் மறுபடி டிரம்ம இழுத்துருக்காரு. முருகம்மா விட்டுச்சு பாருங்க ஒண்ணு, ஆளு வாசல்ல வந்து விழுந்துட்டாரு. பொம்பளைக பூரா வெளிய வந்து நிக்கிறாக."

ஜெயசுந்தர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். இசைவாணி மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"முருகம்மாக்காவுக்கும் ஒண்ணு எழுதுங்க சார். என்ன கேம்னு எழுதுவீக? அவுககிட்ட இருக்கிறது பட்டன் போனு."